சுவரா, பேனரா, பிட் நோட்டீஸா? தேர்தல் விளம்பரத்தில் எதற்குப் பணம் போடுவது

தேர்தல் தேதி அறிவித்த அன்றைக்கே உள்ளாட்சி ஊழியர்கள் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகத் தெருவில் இறங்கிவிடுவார்கள். அரசு வளாகங்களில் உள்ள கட்சி விளம்பரங்களுக்கு 24 மணி நேரம். பேருந்து நிலையம், பாலம், மின்கம்பம், அரசுப் பேருந்து முதலிய பொதுச் சொத்துகளுக்கு 48 மணி நேரம். அனுமதியில்லாமல் தனியார் இடத்தில் இருப்பவற்றுக்கு 72 மணி நேரம். இது இந்தியத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் கெடு. ஆறு மாதத்துக்கு முன்பே 'ரிசர்வ்டு' என்று எழுதிப் பிடித்து வைத்த சுவரெல்லாம் மூன்றே நாளில் வெள்ளையாகிவிடும். வேட்பாளர் தரப்பு உண்மையில் முடிவெடுக்க வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான் வருகிறது: இருக்கிற செலவு வரம்புக்குள் சுவர் எழுத்தா, ப்ளெக்ஸா, போஸ்டரா, நோட்டீஸா, வண்டியா?

எது கண்ணில் படும் என்று பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கம். அதைவிட, எது வாக்குப்பதிவு நாள்வரை நிற்கும், அது யார் கணக்கில் ஏறும் என்று பார்ப்பது லாபம். ராத்திரி ஒட்டிக் காலையில் கிழிபடுகிற விளம்பரத்துக்கு மூன்று செலவு: அச்சுக்கூலி, கிழித்த கூலி, அதுபோக ஒரு வழக்கு.

எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது

தனியார் சுவரில் எழுத உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: உள்ளூர்ச் சட்டம் இடம் கொடுத்தால்தான் அந்தச் சம்மதத்துக்கே மதிப்பு. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் திறந்தவெளி இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டமும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டங்களும் இருப்பதால், நகர்ப்புறத்தில் வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் சுவரில் எழுதக் கூடாது. கிராம ஊராட்சிப் பகுதியில் சம்மதக் கடிதத்தோடு எழுதலாம். ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் தெருவின் இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் குற்றம் என்ற நிலை சாதாரணமாக வரும்.

அதனால் முதல் வேலை, தொகுதி வரைபடத்தில் எந்த வாக்குச்சாவடி எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று குறிப்பது. பழைய நினைவை நம்பாதீர்கள். 2024இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியவை மாநகராட்சிகள் ஆனபோது சுற்றியிருந்த ஊராட்சிகளைச் சேர்க்கும் வேலையும் கூடவே நடந்தது. போன தேர்தலில் தாராளமாக எழுதிய ஊர் இந்தத் தேர்தலில் நகர எல்லைக்குள் இருக்கலாம். பேரூராட்சிகளை எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்பதை மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளோடு நடத்தும் கூட்டத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சுவர் எழுத்து: கிராமத்தில் இதற்கு ஈடில்லை

ஊராட்சிப் பகுதியில் சுவர் எழுத்துக்குத்தான் என் ஓட்டு. காற்றில் விழாது, திருடுபோகாது, ஒரு நாள் வேலை வாக்குப்பதிவுவரை நிற்கும். ஆனால் காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. அதைச் செய்யாதவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

சம்மதக் கடிதத்தில் உரிமையாளர் பெயர், முகவரி, வீட்டு வரி ரசீது எண், சுவரின் நீள உயரம், எந்தத் தேதிவரை, வாடகை கொடுத்திருந்தால் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கட்டும். இரண்டு பிரதி. கையெழுத்து வாங்கிய பிறகுதான் வாளியைத் தூக்க வேண்டும். உரிமையாளர் பெயர், முகவரி, ஆன செலவு ஆகியவற்றை மூன்று நாளுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் உரிய படிவத்தில் கொடுக்க வேண்டும். நூறு சுவர் எழுதிவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று விட்டால் அந்த மூன்று நாள் தாண்டிவிடும். அன்றன்று எழுதியதை அன்றன்றே போட்டோவோடு சேர்த்து வைக்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள்.

கடிதம் இருந்தும் புகார் வருவது பெரும்பாலும் பங்காளிச் சுவரில்தான். அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பார், சுவர் தம்பி பெயரிலும் இருக்கும், தம்பி எதிர்க்கட்சியாக இருப்பார். குடியிருப்பவர் சம்மதித்து வீட்டுக்காரர் மறுப்பது இரண்டாவது வகை. ரேஷன் கடை, நூலகம், பள்ளி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஆகியவற்றின் சுவரை யார் சொன்னாலும் தொடக் கூடாது. ஊராட்சித் தலைவரின் வாய்மொழி அனுமதி அங்கே செல்லாது.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுச் சுவருக்கு நல்ல கிராக்கி இருக்கும். ஆனால் அந்தப் பள்ளிதான் வாக்குச்சாவடி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130ஆவது பிரிவுப்படி, வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் தேர்தல் தொடர்பான எந்த அறிவிப்பும் அடையாளமும் தெரியக் கூடாது. முந்தின நாளே அந்தச் சுவரை மறைக்கவோ வெள்ளை அடிக்கவோ வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு சாவடி வாசலிலிருந்தும் 100 மீட்டரை அளந்து, அந்த வட்டத்துக்குள் இருக்கும் சுவர்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

எழுதும் முறைக்கு வருவோம். பழைய எழுத்து எனாமல் பெயிண்டில் இருந்தால் ஒரு கை வெள்ளைக்கு அடங்காது. கறுப்பும் சிவப்பும் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். முதலில் சுரண்டி, சாயங்காலம் ஒரு கை, மறுநாள் காலை ஒரு கை வெள்ளை அடித்து, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு எழுத வேண்டும். சுண்ணாம்பில் பசை சேர்க்காமல் அடித்தால் நாலு நாளில் எழுத்தும் சேர்ந்து பொரிந்து உதிரும். ஈர வெள்ளையில் எழுதினால் சிவப்பு பரவி ரோஸ் ஆகிவிடும். அவசரத்தில் இதுதான் அதிகம் நடக்கிறது.

எழுத்தின் அளவுக்கு ஓர் எளிய கணக்கு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். சாலையின் அந்தப் பக்கம் 40 அடி என்றால் குறைந்தது 4 அங்குலம். பேருந்தில் போகிறவர் படிக்க வேண்டுமானால் அதைப்போல் இரண்டு மடங்கு. பத்துக்கு ஆறு அடிச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு சின்னத்துக்கு, அடுத்தது பெயர். தலைவர் படத்தை வரைந்து இடத்தை நிரப்பிவிட்டால் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வரும் வரிசை எண்ணுக்கு இடமிருக்காது. அந்த எண் வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் தெரியும். கீழ் வலது மூலையில் ஒன்றரை அடி சதுரம் வெறுமையாக விட்டுவைத்தால், ஓவியர் சைக்கிளில் சுற்றி ஒரே நாளில் முப்பது சுவரில் எண்ணைப் போட்டுவிடுவார்.

செலவு மாவட்ட நிர்வாகம் வெளியிடும் விலைப்பட்டியல்படிதான் மதிப்பிடப்படும். சதுர அடிக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60 சதுர அடிச் சுவர் நூறுக்கு 60,000 ரூபாய். ஓவியர் நம்ம பையன், சும்மா எழுதிக் கொடுத்தான் என்றாலும் கணக்கில் அந்தத் தொகை ஏறும். வேட்புமனுவுக்கு முன்பே எழுதியது, மனுவுக்குப் பிறகும் பயன்பட்டால் அதுவும் செலவுதான்.

ப்ளெக்ஸ் பேனர்: பார்க்க மலிவு, சுமக்கக் கனம்

ப்ளெக்ஸ் மலிவு, ஒரே இரவில் அச்சாகிவிடும், முகம் பளிச்சென்று தெரியும். நகரத்தில் அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. நடுத்தடுப்பு, நடைபாதை, மின்கம்பம், நிழற்குடை எதிலும் கூடாது. 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் அலங்கார வளைவுக் கட்டையில் மோதி ஒரு இளைஞர் இறந்தார். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் நடுத்தடுப்பிலிருந்து பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். அதற்குப் பிறகு உயர் நீதிமன்றம் காட்டிய கடுமையால் பெரிய கட்சிகளின் தலைமைகளே பேனர் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் பொது இடங்களில் நிரந்தரமாக நட்டிருக்கும் கட்சிக் கொடிக்கம்பங்களையும் அகற்றச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது.

விழுவதற்கான காரணம் எளிமையானது. பத்துக்கு எட்டு அடி பேனர் என்றால் 80 சதுர அடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால் அதன்மேல் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை விழும். அதை ஒன்றரை அடிக் குழியில் நட்ட இரண்டு சவுக்குக் கம்பும் நாலு சுற்றுக் கட்டுக்கம்பியும் தாங்க வேண்டும். கோடை மழைக்கு முந்தைய சூறைக்காற்று ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறது, நம் சட்டமன்றத் தேர்தலும் பெரும்பாலும் அப்போதுதான். பேனரில் ஓட்டை போட்டுவிட்டால் காற்று போய்விடும் என்பது பேச்சுக்குத்தான். பரப்பில் பத்தில் ஒரு பங்கை வெட்டினாலும் சுமை பெரிதாகக் குறையாது, துணிதான் அந்த ஓட்டையிலிருந்து கிழியத் தொடங்கும்.

அப்படியென்றால் ப்ளெக்ஸுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது: தேர்தல் அலுவலக முகப்பு, அனுமதி பெற்ற பொதுக்கூட்ட மேடை, உரிமம் பெற்ற தனியார் விளம்பரப் பலகை. தற்காலிகத் தேர்தல் அலுவலகத்தில் கட்சிக் கொடி ஒன்று, சின்னமும் படமும் உள்ள பேனர் ஒன்று, அவ்வளவுதான். பேனர் நாலுக்கு எட்டு அடியைத் தாண்டக் கூடாது. உள்ளாட்சி விதி அதைவிடச் சிறிய அளவு வைத்திருந்தால் அந்த அளவே செல்லும். அலுவலகமே வாக்குச்சாவடியிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

பிளாஸ்டிக் தடை பற்றி ஒரு குழப்பம் உலவுகிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை பிளாஸ்டிக் கொடியும், 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனரும். கடைகளில் வழக்கமாக அச்சிடும் ப்ளெக்ஸ் அதைவிடத் தடிமனானது. ஆனால் தோரணமாகக் கட்டுகிற மெல்லிய பளபளப்புச் சுருள் தடையில் மாட்டும். கொடிக்கும் தோரணத்துக்கும் துணியும் காகிதமும்தான் வழி.

ரசிகர் மன்றமும் நற்பணி மன்றமும் அன்பில் வைக்கிற பேனர் வேட்பாளருக்குத் தலைவலி. அதில் வேட்பாளர் பெயரோ படமோ இருந்தால் செலவு அவர் கணக்கில் எழுதப்படும். அவர் அனுமதி இல்லாமல் வைத்ததென்றால் வைத்தவர்மேல் பாரதிய நியாய சன்ஹிதா 176ஆவது பிரிவு பாயும். முந்தைய தண்டனைச் சட்டத்தில் 500 ரூபாயாக இருந்த அபராத உச்சம் இப்போது 10,000. மன்றத்தாருக்கு இதை முன்கூட்டியே சொல்லி, அந்தப் பணத்தை நோட்டீஸ் கொடுக்க வீடு வீடாகப் போகிற நாலு பேரின் டீ செலவுக்குத் திருப்பிவிடுவது நல்லது.

போஸ்டர்

சுருக்கமாகச் சொன்னால், நகரத்தில் போஸ்டருக்கு இடமே கிடையாது. அச்சடிப்பது சட்டப்படி சரி, ஒட்டுகிற இடம்தான் பெரும்பாலும் குற்றம். மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்டு ஒட்டிய டபுள் டெமி (பெரிய தாள் அளவு) போஸ்டரைச் சுரண்ட, ஒட்டியதைப்போல் நாலு மடங்கு நேரம் பிடிக்கும். அகற்றச் சொல்லி அறிவிப்பு அனுப்பியும் நீங்கள் அகற்றாவிட்டால் உள்ளாட்சி ஊழியர்கள் சுரண்டுவார்கள், அந்தக் கூலி வேட்பாளரிடம் வசூலாகி அவருடைய தேர்தல் செலவிலும் சேரும்.

ஐந்நூறுதான் அடித்தோம் என்று குறைத்துச் சொல்லவும் முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. வெளியிடுபவர் தன் அடையாளத்தை உறுதிமொழிப் படிவத்தில் எழுதி, தன்னை நேரில் அறிந்த இரண்டு பேரின் சான்றொப்பத்தோடு இரண்டு பிரதி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அச்சகத்தார் மூன்று நாளுக்குள் அச்சிட்ட மாதிரிகள், எண்ணிக்கை, கூலி விவரத்தோடு மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். மாநிலத் தலைநகரில் அச்சிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. அச்சிட்டதன் முகப்பில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால் ஆறு மாதம்வரை சிறை, 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஏப்ரலில் ஆணையம் பெரிய விளம்பரப் பலகைகளிலும் இந்த விவரம் கட்டாயம் என்று தெளிவுபடுத்திவிட்டது. பொதுக்கூட்டத்தின் நாள், நேரம், இடம் மட்டும் சொல்லும் அறிவிப்புக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் 'வாக்களிப்பீர்' என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால் விலக்கு போய்விடும்.

பிட் நோட்டீஸ்

127ஏ இதற்கும் உண்டு. மற்றபடி இடம் பற்றிய தொல்லை அறவே இல்லாதது இது ஒன்றுதான். நகர வார்டுகளில் பணத்தின் பெரும்பகுதியை இங்கே போடுவதுதான் சரி.

எண்ணிக்கையை வாக்காளரை வைத்துப் போடாமல் வீட்டை வைத்துப் போடுங்கள். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்றால் சுமார் 350 முதல் 400 வீடு. இரண்டு சுற்றுக்கு 800, தேர் முட்டியிலும் சந்தையிலும் கொடுக்க 200, ஆக ஆயிரம். டெமி தாளை எட்டாக வெட்டினால் ஒரு ரீமில் (500 தாள்) 4,000 நோட்டீஸ், அதாவது நாலு சாவடிக்கு ஒரு ரீம். முதல் சுற்றில் வாக்குறுதியும் முகமும், இரண்டாம் சுற்றில் சின்னமும் வரிசை எண்ணும் என்று பிரித்து அச்சடித்தால், எண் வருவதற்கு முன்பே மொத்தமாக அடித்துவிட்டுப் பிறகு பேனாவால் எழுதுகிற கூத்து நடக்காது. வாக்காளர் பட்டியல் எண்ணைக் குறித்துக் கொடுக்கிற சீட்டு வேறு. அது வெள்ளைத் தாளில், பெயரோ சின்னமோ கட்சியோ இல்லாமல் இருக்க வேண்டும். நோட்டீஸின் பின்பக்கத்தில் அதை அச்சடிப்பது மிச்சமல்ல, மீறல்.

வண்டி

சுவரும் பேனரும் அடைபட்ட நகரத்தில் அசையும் விளம்பரம்தான் பாக்கி. பிரசார அனுமதிக்குத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் சுவிதா இணையதளத்தில் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பித்தால் 24 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. முதலில் வந்தவருக்கு முதலில் என்பதால் மைதானமும் வழித்தடமும் கேட்பவர்கள் விடியற்காலையிலேயே பதிவிடுகிறார்கள். அனுமதிச் சீட்டின் அசலை முன் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், நகல் செல்லாது.

இரு சக்கர வண்டியில் ஒரு கொடி, ஓர் அடிக்கு அரை அடி. ஆட்டோ, காரில் ஒரு கொடி, மூன்றுக்கு இரண்டு அடி. பேனர் எதிலும் கட்டக் கூடாது, சிறிய ஸ்டிக்கர் ஒன்றிரண்டு ஒட்டலாம். எல்இடி திரை வண்டி என்றால் அதில் ஓடும் காட்சிக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் ஒப்புதலும், வண்டியின் உருவத்தை மாற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதியும் வேண்டும். வேட்பாளர் தரப்பு ஒப்புதலுக்கு மூன்று நாள் முன்பே மனுப்போட வேண்டும். வாடகை, டீசல், ஓட்டுநர் படி மூன்றும் நாள்கணக்கில் ஏறுவதால் செலவில் இதுதான் பெரிய ஓட்டை. கடைசி ஐந்து நாளுக்கு மூன்று வண்டி என்பது, பதினைந்து நாளும் ஒரு வண்டி என்பதைவிட நகரத்தில் அதிகம் எடுபடும். கணக்குப்படி இரண்டும் பதினைந்து வண்டி நாள்தான்.

பங்கு எப்படிப் பிரிப்பது

பாதி நகரம், பாதி ஊராட்சி என்ற சட்டமன்றத் தொகுதியில் (செலவு வரம்பு 40 லட்சம்) ஊராட்சிப் பகுதிக்குச் சுவரும் ஒரு சுற்று நோட்டீஸும், நகரப் பகுதிக்கு இரண்டு சுற்று நோட்டீஸும் வண்டியும் என்று போவது என் பரிந்துரை. ப்ளெக்ஸ் அலுவலக முகப்போடும் மேடையோடும் நிற்கட்டும். போஸ்டருக்குப் பூஜ்யம்.

கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலின் கணக்கே வேறு. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் அதற்கான செலவு வரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000. இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, சுயேச்சைச் சின்னம்தான். அந்த ஆண்டு டிசம்பர் 19 வாபஸ் நாள், 27 முதல் கட்ட வாக்குப்பதிவு. சின்னம் கைக்கு வந்து பிரசாரம் ஓய ஒரு வாரம்கூட இருக்கவில்லை. இங்கே சுவரை இரண்டு தவணையாகச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை: மனு ஏற்றதும் பத்துப் பதினைந்து சுவருக்குச் சம்மதம் வாங்கி வெள்ளையடித்துப் பெயரை எழுதுவது, சின்னம் ஒதுக்கிய அன்று மாலையே ஓவியரை இறக்கி வரைவது. பூட்டு, சாவி, ஆட்டோ என்றால் யாரும் வரைவார்கள். சிக்கலான சின்னம் விழுந்தால் தகரத்தில் அச்சு வெட்டி அடித்துவிடலாம், ஒரு சுவருக்குப் பத்து நிமிடம். அந்த 34,000இல் ப்ளெக்ஸுக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கத் தேவையில்லை. தலைவர் வேட்பாளரின் முகம் ஊருக்குத் தெரியும், சின்னம்தான் தெரியாது.

மறுபடி சட்டமன்றத் தேர்தலுக்கு வந்தால், எந்த வகை விளம்பரம் என்றாலும் சி-விஜிலை, அதாவது விதிமீறலைப் பொதுமக்களே புகார் செய்யும் தேர்தல் ஆணையச் செயலியை, மறக்காதீர்கள். எதிர்த்தரப்புப் பையன் இடக்குறியோடு ஒரு போட்டோ அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு, பறக்கும் படை பதினைந்து நிமிடத்தில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் சம்மதக் கடிதம் அலுவலகப் பீரோவில் இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு ஊர்ப் பொறுப்பாளரின் செல்போனிலும் அவர் பகுதிச் சுவர்களின் கடித நகலும் போட்டோவும் இருக்கட்டும். ஓவியருக்கும் அச்சகத்துக்கும் ரொக்கமாகக் கொடுப்பது தேர்தல் முழுவதற்கும் ஒருவருக்கு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மீதி காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ தேர்தல் செலவுக்கென்று திறந்த கணக்கிலிருந்துதான் போக வேண்டும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மொத்தக் கணக்கையும் ஒப்படைக்கத் தவறினால் மூன்று ஆண்டுத் தகுதியிழப்பு வரை போகும். தோற்றவர்களுக்கும் அதே விதிதான், பெரும்பாலும் மறந்துவிடுவது அவர்கள்தான்.